யந்திரத்துக்கு வேலி எங்கே?

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட சங்க வகுப்பில் நிகழ்த்திய உரை)

இன்றைய வகுப்பில் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசும்படி சங்கம் நம்மைப் பணித்திருக்கிறது. "அதற்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று பின்வரிசையில் ஒரு தோழர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. கேட்க வேண்டிய கேள்விதான். மில் கேட்டில் விரலை வைத்து ஆஜர் கொடுக்கிறோமே, அது எதில் பதிவாகிறது? சம்பளம் பாங்கியில் ஏறுவது எதன் வழியே? ரேஷன் கடையில் ரேகை விழவில்லை என்று கிழவியைத் திருப்பி அனுப்புவது எது? நூறு நாள் வேலையில் ஆஜரைப் போனில் போட்டோ எடுத்துத்தான் ஏற்ற வேண்டும் என்று 2023 ஜனவரியில் கட்டாயமாக்கினார்கள். போட்டோ ஏறாவிட்டால் அன்று வெட்டிய மண்ணுக்குக் கணக்கில்லை என்ற நிலை வந்ததே, மறந்துவிட்டோமா? ஆகவே இது நம் சோற்றுப் பானையைத் தொடுகிற விஷயம்.

மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரானாலும், மடியில் முடிந்து வைத்திருக்கும் போனானாலும், உள்ளே ஒரு மேஸ்திரி உண்டு. ஆபரேட்டிங் சிஸ்டம் என்பார்கள், தமிழில் இயங்குதளம். எந்த வேலை முதலில் நடக்க வேண்டும், யாருக்கு எந்த அறை, எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்பதெல்லாம் அந்த மேஸ்திரியின் கையில். மேஜைக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் மைக்ரோசாப்ட் கம்பெனியின் விண்டோஸ். நம் போன்களில் பெரும்பாலும் கூகிள் கம்பெனியின் ஆண்ட்ராய்ட். இந்த மேஸ்திரியை ஒருவன் வளைத்துப் போட்டுவிட்டால் மில்லையே வளைத்துப் போட்டதாக அர்த்தம்.

மேஸ்திரி என்று சொன்னாலும் அது மனிதனில்லை. பல கோடி வரிகளில் எழுதப்பட்ட கட்டளைகளின் மூட்டை. எழுதியவர்கள் மனிதர்கள். எனவே பிழைகள் உண்டு. அந்தப் பிழைகளில் சில, வெளியாள் உள்ளே நுழைவதற்கு வழிவிடும் ஓட்டைகளாக இருக்கின்றன.

இப்படிப்பட்ட ஓட்டைகளைப் பற்றி உபயோகிக்கிற ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள்? நாங்கள் பல இடங்களில் பேசிப் பார்த்திருக்கிறோம். "என்னிடம் திருட என்ன இருக்கிறது?" என்பார் ஒருவர். "இடி யார் தலையில் விழுமோ, யாருக்குத் தெரியும்?" என்பார் இன்னொருவர். கொஞ்சம் படித்த பிள்ளைகளைக் கேட்டால், "எதையாவது தெரியாமல் அமுக்கியிருப்பார், ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா?" என்று பாதிக்கப்பட்டவரையே கடிந்துகொள்ளும். கம்பெனிகளுக்கு மிகவும் பிடித்தமான பதில் இந்த மூன்றாவது பதில்தான்.

மில் தோழர்களுக்கு இந்தப் பாட்டு புதிதல்ல. கார்டிங் யந்திரத்தில் ஒருவர் கை போனால் நிர்வாகத்தின் முதல் கேள்வி என்ன? "ஏன் கையை விட்டாய்?" வேலி இருந்ததா என்ற கேள்வி எழவே எழாது. அந்தக் கேள்வியை எழுப்புவதற்கு நம் முன்னோர்கள் எத்தனை வேலைநிறுத்தம் செய்தார்கள், எத்தனை பேர் சிறை சென்றார்கள்! அதன் பிறகுதான் 1948-ம் வருஷத்துப் பாக்டரி சட்டத்தின் 21-வது பிரிவில், ஆபத்தான பாகங்களுக்கு உறுதியான வேலி போட வேண்டும், யந்திரம் ஓடும்போதெல்லாம் அந்த வேலி இடத்தில் இருக்க வேண்டும் என்று எழுதப்பட்டது. கை போனதற்கான பொறுப்பு கைக்குரியவனிடமிருந்து யந்திரத்துக்குரியவனிடம் மாறியது. கம்ப்யூட்டர் விஷயத்தில் அந்த மாற்றம் இன்னும் நடந்து முடியவில்லை. இதைத்தான் ஒரு பெரிய சம்பவத்தைக் கொண்டு விளக்கப் போகிறோம்.

2017 மே 12, வெள்ளிக்கிழமை. சம்பவம் நடந்த முக்கிய இடம் இங்கிலாந்து. அங்கே 1948 ஜூலையில் ஏற்படுத்தப்பட்ட பொது வைத்திய சர்வீஸ் இருக்கிறது. பணக்காரன், ஏழை என்ற பேதமின்றி காசு வாங்காமல் வைத்தியம் செய்கிற ஏற்பாடு. உழைக்கும் மக்கள் பெற்றெடுத்த குழந்தை அது. அன்று பகலில் அதன் ஆஸ்பத்திரிகளில் கம்ப்யூட்டர்த் திரைகள் ஒவ்வொன்றாகச் சிவப்பாக மாறின. "உன் பைல்களையெல்லாம் பூட்டிவிட்டோம். 300 டாலர் கொடுத்தால் திறப்போம். 3 நாள் தாண்டினால் இரட்டிப்பு. 7 நாள் தாண்டினால் எல்லாம் போச்சு" என்பதாக ஒரு நோட்டீஸ் திரையில் நின்றது. கொள்ளைக்கூட்டம் ஊருக்குள் வந்து ஓலை கட்டிவிட்டுப் போவதைக் கதைகளில் கேட்டிருக்கிறோமே, அதே பாணி. இந்தக் கொள்ளை நிரலுக்கு 'வான்னக்ரை' என்று பெயர்.

டாக்டரால் நோயாளியின் சீட்டைப் பார்க்க முடியவில்லை. எக்ஸ்ரே படம் திரைக்கு வரவில்லை. இங்கிலாந்தின் 236 ஆஸ்பத்திரி டிரஸ்டுகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன; 595 குடும்ப டாக்டர் நிலையங்களில் தொற்று ஏறியது. ஐந்து பகுதிகளில் அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் வேறு ஆஸ்பத்திரிகளுக்குத் தூரம் கடந்து போக வேண்டியிருந்தது. ரத்தான சிகிச்சை நேரங்கள் எண்ணிப் பார்த்த வரையில் 6,912. மொத்தம் 19,000-க்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அவற்றில் புற்றுநோயாக இருக்கலாம் என்ற சந்தேகத்தில் அவசரமாக அனுப்பப்பட்ட 139 பேராவது இருந்தார்கள். இவையெல்லாம் அந்த நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2017 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில் உள்ள கணக்குகள்.

இங்கிலாந்தோடு நிற்கவில்லை. சுமார் 150 நாடுகள், 2 லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள். ஜெர்மனியில் ரயில் நிலையப் பலகைகள், பிரான்சில் ரெனோ கார்த் தொழிற்சாலைகள், ஆந்திரத்தில் போலீஸ் அலுவலகங்கள், கேரளத்தில் வயநாட்டிலே ஒரு கிராமப் பஞ்சாயத்து அலுவலகம். நமக்குப் பக்கத்தில் ஒரகடத்திலுள்ள ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலையும் தப்பவில்லை.

இத்தனை பேரில் யார், எதை அமுக்கினார்கள்? யாரும் எதையும் அமுக்கவில்லை, தோழர்களே! இந்த நிரல் யாருடைய விரலுக்கும் காத்திருக்கவில்லை. ஒரு கம்ப்யூட்டரில் புகுந்ததும் அங்கிருந்து பக்கத்துக் கம்ப்யூட்டரைத் தானே தேடிப் போய்த் தொற்றியது. "ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா?" என்று கடிந்துகொள்ளும் பிள்ளைகள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

எப்படித் தொற்றியது? களத்துமேட்டைக் கொண்டு சொன்னால் புரியும். நெல் அளக்கிறார்கள். கணக்குப்பிள்ளை சீட்டில் தப்பாகக் கணக்குப் போட்டு, 2 மரக்கால் கொள்ளும் கூடையை வைக்கிறார். கொட்டுகிறவன் 8 மரக்கால் கொட்டுகிறான். மிஞ்சியது எங்கே போகும்? பக்கத்துக் கூடையில் சரியும். அந்தப் பக்கத்துக் கூடையோ, மேஸ்திரி அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற உத்தரவுச் சீட்டுகளைப் போட்டு வைத்திருக்கும் கூடை. கொட்டியவன் நெல்லோடு நெல்லாகத் தன் சீட்டு ஒன்றையும் கலந்திருக்கிறான். மேஸ்திரி அதை எடுத்துப் பார்க்கிறான்; முதலாளி உத்தரவென்று நினைத்து அப்படியே நிறைவேற்றுகிறான். தீர்ந்தது! பெரிய எண்ணை அது கொள்ளாத சின்ன இடத்தில் எழுதிய ஒரு கணக்குப் பிழைதான் மூலம். விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று பைல்களைக் கொடுத்து வாங்கும் ஒரு புறக்கடை வாசல் உண்டு. பிழை அந்த வாசலில் இருந்தது.

சரி, பிழை யாருக்கும் நேரலாம். மைக்ரோசாப்டில் வேலை செய்கிற இளைஞர்களும் கூலிக்காரர்கள்தான். அவர்கள் மீது நமக்குக் கோபமில்லை. இந்த ஓட்டை இருப்பது யாருக்கு முன்னமே தெரிந்திருந்தது என்பதே கேள்வி. அமெரிக்க சர்க்காரின் தேசியப் பாதுகாப்பு ஏஜென்சி என்ற உளவு ஸ்தாபனத்துக்குத் தெரிந்திருந்தது! தெரிந்தவர்கள் கம்பெனிக்குச் சொல்லவில்லை. அதற்குள் நுழையும் கருவியொன்றைச் செய்து, 'எடர்னல்புளூ' என்று பெயரும் வைத்து, உலகமெங்கும் வேவு பார்க்க உபயோகித்துக் கொண்டிருந்தார்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் இப்படி நடந்ததாகவும், கருவி திருடு போய்விட்டது என்று தெரிந்த பிறகே கம்பெனிக்குச் சேதி சொல்லப்பட்டதாகவும் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை 2017 மே மாதம் எழுதியது.

தேதிகளைக் கவனியுங்கள். 2017 மார்ச் 14-ல் மைக்ரோசாப்ட் இந்த ஓட்டைக்கு ஒட்டுப் போட்டு வெளியிட்டது. ஏப்ரல் 14-ல், திருடியவர்கள் அந்தக் கருவியை உலகத்துக்கே கடை பரப்பினார்கள். மே 12-ல் ஆஸ்பத்திரிகள் படுத்தன. ஊர்க் கிணற்றில் விஷப்பாம்பு இருப்பதைக் கண்ட காவல்காரன், எதிரி தண்ணீர் எடுக்க வரும்போது உதவுமே என்று ஊராரிடம் சொல்லாமல் மறைத்தானாம். அவன் செயலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கம்பெனியின் தலைவரே மே 14-ல் எழுதுகையில், ராணுவத்தின் ஏவுகணை களவு போனதற்கு இது சமம் என்று அங்கலாய்த்தார்.

கொள்ளை நிரலை ஏவியது வட கொரியா என்று அமெரிக்காவும் பிரிட்டனும் 2017 டிசம்பரில் பகிரங்கமாகக் குற்றம் சாட்டின. வட கொரியா மறுத்தது. ஏவியவன் யாராயிருந்தாலும் நோயாளிகளின் உயிரோடு விளையாடியவன் குற்றவாளியே. நாம் அவனுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் அரிவாளை அடித்துக் கொடுத்த பட்டறை வாஷிங்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதை மட்டும் யாராலும் மறைக்க முடியாது.

அதே வருஷம் ஜூன் 27-ல் அதே ஓட்டையையும் உபயோகித்துப் பரவும் இன்னொரு நிரல் கிளம்பியது. உக்ரைனில் தொடங்கி, மெர்ஸ்க் என்ற மாபெரும் கப்பல் கம்பெனியைச் சாய்த்தது. அதன் குழுமக் கம்பெனி நடத்திய மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுக முனையமும் ஸ்தம்பித்தது. பெட்டிகள் இறங்காமல் லாரிகள் தேங்கின. வாஷிங்டனில் மறைத்த ரகசியம் நம் நாட்டு லாரி டிரைவரைத் துறைமுக வாசலில் காக்க வைத்தது.

இனி கம்பெனியின் பங்கைப் பார்ப்போம். விண்டோஸ் எக்ஸ்பி என்பது 2001-ல் விற்பனைக்கு வந்த சரக்கு. 2014 ஏப்ரல் 8-ம் தேதியோடு இதற்கு இனி ஒட்டுப் போட மாட்டோம் என்று கம்பெனி கையை விரித்தது. புதிதாக வாங்கு என்பதே இதன் பொருள். பணம் கொடுத்தால் மட்டும் தனியாக ஒட்டு உண்டு. பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு வருஷத்துக்கு 55 லட்சம் பவுன் கொட்டிக் கொடுத்தது; 2015-ல் அந்த ஒப்பந்தத்தை நீட்டவில்லை. சிக்கன நடவடிக்கை காலம் அது! 2017 மே மாதம் ஆஸ்பத்திரிகள் விழுந்த மறுநாள், பழைய எக்ஸ்பிக்கும் இலவசமாக ஒட்டு வெளியிட்டது மைக்ரோசாப்ட். நல்ல மனசு என்று பாராட்டலாம் என்று பார்த்தால், அந்த ஒட்டுப் பைலிலேயே பிப்ரவரி மாதத் தேதி முத்திரை இருந்ததைப் பத்திரிகைகள் கண்டுபிடித்துவிட்டன. மருந்து மூன்று மாதமாக அலமாரியில் இருந்திருக்கிறது. காசு கட்டியவர்களுக்கு மட்டும்.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கம்பெனியைத் திட்டுகிற உற்சாகத்தில் எல்லாப் பழியையும் எக்ஸ்பி மேலேயே போட்டவர்கள் அன்று அதிகம். ஆனால் அந்த ஆஸ்பத்திரிகளில் விழுந்த கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை எக்ஸ்பி இல்லை, விண்டோஸ் 7. அதற்கு மார்ச் மாதமே இலவசமாக ஒட்டு வந்துவிட்டது. போட்டுக் கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஏன் போட்டுக் கொள்ளவில்லை? மேலிடத்திலிருந்து மார்ச்சிலும் ஏப்ரலிலும் எச்சரிக்கைச் சுற்றறிக்கை போயிருக்கிறது. ஆனால் போட்டார்களா என்று பார்த்துச் சரிசெய்ய ஏற்பாடு எதுவுமில்லை. அதற்கு முன்பே 88 டிரஸ்டுகளைச் சோதித்துப் பார்த்ததில் ஒன்றுகூடத் தேறவில்லை. மில்லிலும் இதே கதைதானே! "பாதுகாப்புக் கவசம் அணியவும்" என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டால் நிர்வாகத்தின் கடமை முடிந்தது. கவசம் ஸ்டோரில் இருக்கிறதா என்பதை யார் கேட்பது? ஆஸ்பத்திரியில் ஒட்டுப் போட ஆள் வேண்டும், நேரம் வேண்டும், யந்திரத்தைச் சற்று நிறுத்தி வைக்க வேண்டும். விண்டோஸை உள்ளே வைத்து விற்கப்பட்ட ஸ்கான் யந்திரங்களிலோ, யந்திரக் கம்பெனியைக் கேளாமல் ஆஸ்பத்திரி கை வைக்க முடியாது.

சுயவிமர்சனமாக ஒன்று. நம் சங்க அலுவலகக் கம்ப்யூட்டரில் "ஒட்டு வந்திருக்கிறது, போடலாமா?" என்று கேட்டபோதெல்லாம் "பிறகு" என்ற பொத்தானைத்தான் நாமும் அமுக்கி வந்தோம். துண்டுப் பிரசுரம் அடிக்கிற அவசரத்தில் அது தன்னை அணைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். போனிலோ, ஒரு நாள் டேட்டாவையெல்லாம் அதுவே குடித்துவிடும். இதை வெறும் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது. உபயோகிப்பவர்கள் பட்டு அறிந்த பாடம் அதற்குள் இருக்கிறது. 2015, 2016-ல் மைக்ரோசாப்ட் தன் புதிய விண்டோஸ் 10-ஐப் பழைய கம்ப்யூட்டர்களில் வலிய ஏற்றியது. கலிபோர்னியாவில் சிறிய டிராவல் ஏஜென்சி நடத்திய ஒரு பெண்மணி, தான் கேளாமலே அது ஏறித் தன் கம்ப்யூட்டரைக் கெடுத்துவிட்டது என்று கோர்ட்டுக்குப் போய் 10,000 டாலர் நஷ்டஈடு வாங்கினார். 2024 ஜூலை 19-ல், பாதுகாப்புக்கென்றே இருக்கிற கிரவுட்ஸ்டிரைக் என்ற கம்பெனி அனுப்பிய ஒரு தப்பான அப்டேட்டால் உலகம் முழுவதும் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். மருந்து என்று சொல்லி விளம்பரத்தையும் விற்பனையையும் கலந்து ஊட்டினால், மருந்தையே ஜனங்கள் துப்புவார்கள். அந்த அவநம்பிக்கையை விதைத்தது யார்?

வான்னக்ரையை அன்று நிறுத்தியது எது என்பதையும் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது. பெரிய சர்க்கார்களோ கம்பெனிகளோ அல்ல. இங்கிலாந்தின் கடலோர ஊர் ஒன்றில் வீட்டிலிருந்து வேலை பார்த்த 22 வயதுப் பையன். அந்த நிரல் புகுந்த இடத்தில் முதலில் கன்னாபின்னாவென்ற ஒரு இணைய விலாசத்தைத் தேடுகிறது, விலாசம் பதில் சொன்னால் அடங்கிவிடுகிறது. பையன் அந்த விலாசத்தை 10 டாலர் 69 சென்டுக்கு வாங்கித் தன் பேரில் பதிவு செய்தான். அவ்வளவுதான், பரவல் நின்றது. இப்படியாகும் என்று வாங்கும்போது அவனுக்கே தெரியாதாம்!

இப்போது "என்னிடம் திருட என்ன இருக்கிறது?" என்று கேட்ட தோழருக்கு வருவோம். வான்னக்ரை யாரிடமும் சொத்து விவரம் கேட்கவில்லை. கதவு திறந்திருந்த வீட்டிலெல்லாம் நுழைந்தது. தவிர, உங்கள் போனில் பாங்கியின் ரகசிய எண் வருகிறது. சங்க உறுப்பினர் பட்டியல் இருக்கிறது. நாளை கேட் மீட்டிங் எத்தனை மணிக்கு என்ற சேதி இருக்கிறது. இவற்றுக்கு விலை இல்லையென்றா நினைக்கிறீர்கள்? ஓட்டைகளுக்கென்றே சந்தை நடக்கிறது. ஆண்ட்ராய்ட் போனில், உரியவர் எதையும் தொடாமலே நுழையும் வழி கொண்டு வருபவருக்கு 25 லட்சம் டாலர் வரை தருவதாக ஜெரோடியம் என்ற தரகுக் கம்பெனி 2019 செப்டம்பரில் விலைப் பட்டியல் போட்டது. கம்பெனியிடம் சொல்லி ஒட்டுப் போட வைக்கிற யோக்கியனுக்குக் கிடைப்பதைவிட, மறைத்து விற்பவனுக்குக் கிடைப்பது பல சமயங்களில் அதிகம்.

அப்படிச் சேர்த்த ஓட்டைகளைக் கொண்டு இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. கம்பெனி செய்த சரக்குதான் பெகாசஸ். சர்க்கார்களுக்கு மட்டுமே விற்போம் என்பது அந்தக் கம்பெனியின் சொல். இந்தியப் பத்திரிகையாளர்கள், எதிர்க்கட்சியினர் முதலியோரின் எண்கள் அதன் குறியில் இருந்ததாக 2021 ஜூலையில் செய்தி வெளிவந்தது. சுப்ரீம் கோர்ட் அமைத்த கமிட்டி 29 போன்களைச் சோதித்தது. 5 போன்களில் ஏதோ ஒரு தீய நிரல் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று நிரூபணமாகவில்லை. மத்திய சர்க்கார் ஒத்துழைக்கவில்லை என்று கமிட்டி கூறியதை 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதி கோர்ட்டிலேயே தெரிவித்தார். 2023 அக்டோபர் 31-ல், உங்கள் போனைச் சர்க்கார் ஆதரவு பெற்றவர்கள் குறிவைத்திருக்கலாம் என்று ஆப்பிள் கம்பெனி எச்சரிக்கை அனுப்பிய இந்தியத் தலைவர்களில் மறைந்த தோழர் சீதாராம் யெச்சூரியும் ஒருவர்.

ஏ.டி.எம். பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூலியை எடுக்க நாம் வரிசையில் நிற்கிறோமே, அந்தப் பெட்டிகளில் ஏராளமானவை எக்ஸ்பியில்தான் ஓடிக் கொண்டிருந்தன. கம்பெனி கைவிட்டு வருஷங்கள் கடந்த பின்னும்! ரிசர்வ் பாங்கி 2018 ஜூனில் கெடு வைத்தது: செப்டம்பருக்குள் 25 சதவிகிதம், 2019 ஜூனுக்குள் முழுவதும் மாற்ற வேண்டும் என்று. பாங்கிகள் தாமாக மனம் திருந்தி மாற்றவில்லை. கெடு வைத்து உத்தரவு போட்ட பிறகே அசைந்தன. இதிலிருந்து என்ன தெரிகிறது? உத்தரவு போட முடியும்! வேலி போட வைக்க முடியும்!

ஐரோப்பாவில் ஓரளவு ஆரம்பித்திருக்கிறார்கள். 2024 டிசம்பரில் அமுலுக்கு வந்த ஐரோப்பிய யூனியன் சட்டமொன்று, மென்பொருளோடு விற்கப்படும் சரக்குக்குக் குறிப்பிட்ட காலம் வரை ஒட்டுப் போட வேண்டியது விற்றவனின் கடமை என்கிறது. அதன் முழுக் கடமைகளும் 2027 டிசம்பர் 11 முதல். அங்கேயே இன்னொரு விதி, மென்பொருளும் ஒரு சரக்குதான், பழுதால் நஷ்டம் வந்தால் செய்தவன் பொறுப்பு என்று சொல்கிறது. முதலாளித்துவ சர்க்கார்கள் போட்ட சட்டங்கள். சந்து பொந்துகள் இல்லாமலா இருக்கும்? இருந்தாலும், "உள்ளது உள்ளபடி விற்கிறோம், என்ன ஆனாலும் நாங்கள் பொறுப்பல்ல" என்று படிக்க முடியாத பொடி எழுத்தில் அச்சிட்டு, "சம்மதம்" என்ற பொத்தானை அமுக்கச் சொல்லித் தப்பித்த காலம் அங்கே முடியத் தொடங்குகிறது. பண்ணையாரிடம் வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பொத்தானைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை.

வேறு வழியே இல்லையா என்று கேட்பீர்கள். லினக்ஸ் என்ற இயங்குதளம் இருக்கிறது. அதன் உள்விவரம் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது, விலையில்லை. கேரளத்தில் அரசுப் பள்ளிக் கம்ப்யூட்டர்கள் இதில்தான் இயங்குகின்றன. ஆனால் அதில் ஓட்டையே கிடையாது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டோம். லினக்ஸோடு வழங்கும் பாஷ் என்ற நிரலில் 1989 முதல் ஒரு ஓட்டை இருந்து, 2014-ல்தான் கண்ணில் பட்டது. 2024 மார்ச்சில் இன்னொன்று: தனியாளாக, சம்பளமின்றிப் பராமரித்து வந்த ஒருவர் களைத்துப் போன சமயம் பார்த்து, உதவி செய்ய வந்தவன் போல நடித்த ஒருவன் அந்த நிரலில் கள்ளக் கதவு வைத்துவிட்டான். தன் வேலை அரை செகண்டு தாமதமாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டிய ஒரு இன்ஜினீயரால் அது பிடிபட்டது. திறந்து கிடந்ததால் தோண்ட முடிந்தது. கோடிக்கணக்கில் லாபம் சம்பாதிக்கும் கம்பெனிகளெல்லாம் இலவசமாக உபயோகித்துக் கொண்டு, அதைக் காத்து நிற்பவனுக்குக் கால் காசு கொடுக்காமலிருந்தால், திறந்த வீட்டுக்கும் காவல் இருக்காது.

பழையதைக் கைவிடுகிற கதை முடிந்துவிடவில்லை. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-ம் எக்ஸ்பியின் வழிக்குப் போயிற்று. புதிய விண்டோஸ் 11, சில வருஷத்துக்கு முந்திய நல்ல கம்ப்யூட்டர்களில்கூட ஏறாது. மேலும் ஒரு வருஷத்துக்கு ஒட்டு வேண்டுமென்றால் தனியாருக்கு 30 டாலர், அல்லது கம்பெனியிடம் கணக்குத் திறந்து நம் விவரத்தை ஒப்படைக்க வேண்டும். அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு 61 டாலர், அடுத்தடுத்த வருஷங்களில் இரட்டிப்பு. ஓடுகிற தறியை உடைத்துப் போட்டுவிட்டுப் புதுத் தறி வாங்கு என்பதற்கு இது ஈடு. பணமுள்ளவன் வாங்குவான். பஞ்சாயத்து ஆபீசும், ஆரம்ப சுகாதார நிலையமும், கிராமத்துப் பள்ளிக்கூடமும் என்ன செய்யும்?

ஆகவே சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் சிலவற்றைச் சேர்க்கலாம் என்று நினைக்கிறோம். நீங்கள் விவாதித்து முடிவு செய்யுங்கள். யந்திரம் ஓடுகிற காலம் வரை ஓட்டைக்கு ஒட்டுப் போடுவது விற்றவன் செலவு. ஆஜருக்கும் கூலிக்கும் போன் கட்டாயம் என்றால், அந்தப் போனும் அதன் பழுதும் நிர்வாகத்தின் செலவு. பணித்தளப் பொறுப்பாளராக இருக்கிற பெண் தன் சொந்தக் காசில் வாங்கிய போனைக் கொண்டு சர்க்கார் வேலை பார்ப்பது அநியாயம். ஓட்டை தெரிந்த சர்க்கார் அதை ஆயுதமாகப் பதுக்காமல் வெளியே சொல்லியாக வேண்டும். மேலே உள்ளவன் பழுதுக்காக ஆஜர் தவறினால் கூலியைப் பிடிக்கக் கூடாது.

இதெல்லாம் வரும்வரை "பிறகு" என்ற பொத்தானை அமுக்கிக் கொண்டிருக்கலாமா? கூடாது. வேலி கேட்டுப் போராடுகிறவன், வேலியில்லாத யந்திரத்தில் கையை விட்டுக்கொண்டே போராடுவதில்லை. ஒட்டு வந்தால், எத்தனை எரிச்சலாக இருந்தாலும் அன்றே போட்டுக்கொள்ளுங்கள். முக்கியமான பைல்களை வேறொன்றில் பிரதி எடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றித் தனியே வையுங்கள்; பூட்டிவிட்டுக் காசு கேட்பவனுக்கு அதுதான் பதில். சங்க அலுவலகத்தில் சென்ற வாரம் முதல் அப்படித்தான் செய்கிறோம். சனிக்கிழமை மாலை உறுப்பினர் கணக்கைப் பிரதி எடுப்பது அலுவலகத் தோழரின் பொறுப்பு.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் போனில் 'அமைப்புகள்' என்ற இடத்தில் போனைப் பற்றிய விவரம் இருக்கும். அதற்குள் 'பாதுகாப்பு அப்டேட்' என்று போட்டு ஒரு தேதி இருக்கும். கடைசியாக எந்த மாதத்து ஒட்டு ஏறியது என்பதே அந்தத் தேதி. அடுத்த வகுப்புக்கு வரும்போது போன் எந்தக் கம்பெனி, எந்த வருஷம் வாங்கியது, அந்தத் தேதி என்ன என்ற மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாத தோழர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் உதவட்டும். அந்தச் சீட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுவோம்.